பதினேழாம் வீட்டு மின்விசிறி

‘அதிகாரிகள் வந்தால் வீடு குளிர்கிறது. அவர்கள் போனதும் கொதிக்கிறது.’

மனுவில் இருந்தது இந்த இரண்டு வரிகள்தான். கீழே நாற்பத்திரண்டு வீட்டுக்காரர்களின் கையெழுத்து, அதில் பதினொன்று கைநாட்டு. மார்ச் மாதக் கூட்டத்தில் இதைப் படித்துக் காட்டியபோது எங்கள் அலுவலகமே சிரித்தது. நானும் சிரித்தேன். என் சிரிப்புத்தான் கொஞ்சம் சத்தமாக இருந்தது என்று நஸ்ரின் பிறகு சொன்னாள். அவள் என் பிரிவில் சேர்ந்து ஒரு வருடம்தான் ஆகிறது. உள்ளதைச் சொல்லக்கூடாது என்று அவளுக்கு இன்னும் யாரும் கற்றுத்தரவில்லை.

சிரித்து முடித்துவிட்டு ஏழு பேரைப் பார்வையிட அனுப்பினார்கள். ஏப்ரல் பதினெட்டாம் தேதி அந்த ஏழு பேரும் தூத்துக்குடிக்குப் போய், வெள்ளோடைக் குடியிருப்பின் பதினாறாம் வீட்டில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். கருவி இருபத்தாறு டிகிரி காட்டியது. ‘மிகவும் இதமாக உள்ளது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார்கள். அதே ஒன்றரை மணி நேரத்தில், பக்கத்துப் பதினேழாம் வீட்டில், கைகால் விழுந்து கட்டிலில் கிடந்த தவசிக்கனி என்பவர் செத்துப்போனார். வெப்பத்தால் ஏற்பட்ட மரணம் என்று ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்தார்கள்.

இரண்டு வீட்டுக்கும் நடுவே இருப்பது ஒரே சுவர். அந்தச் சுவர் என்னுடையது.

என்னுடையது என்றால், நான் வடிவமைத்தது. அனல்மின் நிலையத்துச் சாம்பலும் சிமெண்டும் நுரையும் கலந்து வார்த்த பலகை. உள்ளே குமிழி குமிழியாகக் காற்று. ஆள் உயரப் பலகையை இரண்டு பெண்கள் சிரமமில்லாமல் தூக்கிவிடலாம். தட்டினால் தேங்காயைத் தட்டுவது போலச் சத்தம் வரும். பலகைக்குள் மெல்லிய குழாய்கள் ஓடுகின்றன. தெருவுக்கு அடியில் ஒரு பொதுத் தொட்டி. அதில் இரவெல்லாம் குளிர்ந்த உப்புநீர் பகலில் அந்தக் குழாய்கள் வழியாக வீடுகளுக்குள் சுற்றி வரும். ஏசி வைக்கக் கதியில்லாதவர்களுக்கும் உடம்பு நோகாமல் பகல் கழிய வேண்டும் என்பது திட்டம். உப்பளத்தில் வேலை செய்கிறவர்களை விட வெயிலை அதிகம் தின்றவர்கள் யார் இருக்கிறார்கள்? அதனால் முதல் நாற்பத்திரண்டு வீடுகள் அவர்களுக்கு.

எந்தச் சுவருக்கு, எந்தப் பக்கத்துக்கு எவ்வளவு குளிர் என்பதைச் சுவரே முடிவு செய்யும். இதம் என்றால் எத்தனை டிகிரி என்று வெளிநாட்டு அட்டவணையைப் பார்த்துச் சொல்லாமல், அந்த வீட்டு மனிதர்களைப் பார்த்தே சுவர் கற்றுக்கொள்ளட்டும் என்று சொன்னவன் நான்தான். பலகைக்குள் இழைகள் உண்டு. ஆட்கள் எங்கே உட்காருகிறார்கள், உடம்பு எவ்வளவு சூடு, நெஞ்சு எவ்வளவு வேகமாக அடிக்கிறது, எப்போது அமைதியாகிறது, எல்லாம் அதற்குத் தெரியும். ஆறு வருடங்களுக்கு முன் முதல் பதினான்கு நாள் சுவர் குளிர்விக்கவில்லை, பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தது. அந்தப் பதினான்கு நாளும் நான் தினம் மூன்று வீடு என்று போய், அளவுகள் சரியா என்று கருவியோடு உட்கார்ந்திருந்தேன். அதற்கு எனக்கு ஒரு விருது கொடுத்தார்கள். விருதின் படம் இன்னும் வீட்டு வரவேற்பறையில் தொங்குகிறது, நல்ல செங்கல் சுவரில்.

மே முதல் வாரம் நானும் நஸ்ரினும் வெள்ளோடைக்குப் போனோம். பதினோராயிரம் வீடுகளின் அடுத்த கட்டம் ஜூனில் தொடங்க இருந்தது. இந்த நாற்பத்திரண்டு வீடுகளின் சுவர் கற்ற பழக்கத்தை அப்படியே நகல் எடுத்துப் பதினோராயிரம் வீட்டுக்கும் ஏற்றிவிடுவார்கள். அதற்கு முன்னால் இந்தச் சாவுக்கு ஒரு காரணம் எழுதியாக வேண்டும், நான் எழுத வேண்டும்.

பதினாறாம் வீட்டுச் சேசுமணி வாசலிலேயே காத்திருந்தார். உப்பு வாரி வாரி நகமெல்லாம் வெளுத்த கை.

“வாங்க சார், உள்ள வாங்க. இப்படிச் செவுத்தோரமா உக்காருங்க. கலர் சோடா குடிக்கியளா?”

நாற்காலியில் உட்கார்ந்தேன். ஒரு நிமிடம் கூட ஆகியிருக்காது, முதுகுக்குப் பின்னால் சுவர் குளிர ஆரம்பித்தது. ஈரத்துணி சுற்றிய மண்பானையில் சாய்ந்தது போல இருந்தது. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

“நல்லாத்தானே இருக்கு, அண்ணாச்சி?” என்றேன்.

“அதத்தான் நாங்களும் சொல்லுதோம். நீங்க வந்தியன்னா நல்லா இருக்கும். போன பொறவு வந்து பாருங்க.”

“போன பிறகு எப்படி வந்து பார்க்கிறது?”

“அதான் எங்களுக்கும் தெரியல,” என்று அவரே சிரித்தார்.

அப்போது ஒரு பெண் உள்ளே வந்தாள். ஐம்பது வயதிருக்கும், நெற்றி வெறுமையாக இருந்தது. இரண்டு கையாலும் ஸ்டாண்டு வைத்த ஒரு மின்விசிறியைத் தூக்கி வந்து என் எதிரே வைத்து, முகத்தை என் பக்கம் திருப்பி, சுவிட்சைப் போட்டுவிட்டு, என்னைப் பார்க்காமலே வெளியே போனாள்.

“பக்கத்து வீட்டு அன்னத்தாயி,” என்றார் சேசுமணி தாழ்ந்த குரலில். “அந்தத் தவசிக்கனி பொண்டாட்டி.”

நான் அவளைப் பார்க்கவில்லை. மின்விசிறியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பச்சை இறக்கை. கூண்டின் ஒரு கம்பி விட்டுப்போய், நீல நைலான் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தது, மீன்வலை முடிச்சு. ஒவ்வொரு முறை திரும்பும்போதும் ‘கிடுக்’ என்று ஒரு சத்தம்.

அந்தச் சத்தத்தை எனக்குத் தெரியும். ஆறு வருடம் ஆகியும் தெரியும்.

கைபேசி அடித்தது. நான் உட்கார்ந்து முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. நஸ்ரின் இன்னொரு கருவியோடு பதினேழாம் வீட்டுக்குப் போயிருந்தாள்.

“சார், அங்க எவ்வளவு?”

“இருபத்தாறு.”

“இங்க முப்பத்தெட்டு. நீங்க உள்ள போறப்போ முப்பத்தொண்ணுதான் இருந்துச்சு. ஏறிக்கிட்டே இருக்கு. சார், நீங்க கொஞ்சம் எழுந்து தெருவுக்கு வாங்களேன்.”

எழுந்து தெருவுக்குப் போனேன். வேப்பமர நிழலில் நின்றேன். ஐந்து நிமிடத்தில் பதினேழில் ஏறுவது நின்றுவிட்டது. ஆனால் இறங்கவில்லை. தொட்டியில் இருந்த குளிரை நான் செலவழித்துவிட்டேன். இனி ராத்திரி வரை அவர்களுக்கு ஒன்றும் இல்லை.

மறுநாள் காலை விடுதியில் நஸ்ரின் இட்லியைத் தொடாமல் மடிக்கணினியை என் பக்கம் திருப்பினாள். ராத்திரி தூங்கியிருக்கவில்லை என்று கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது.

“சார், சுவர் கெட்டுப்போகல. சொல்லிக் குடுத்ததை ரொம்ப ஒழுங்கா செய்யுது.”

“என்ன சொல்லிக் குடுத்தாங்க?”

“அந்த முதல் பதினாலு நாள்ல வீட்டுக்கு ஒரு புது ஆள் வந்து உட்கார்றார். அவர் மேல காத்து பட்டாத்தான் வீட்டு ஆளுங்க நெஞ்சு அடங்குது. அவருக்கு வேர்த்தா இவங்களுக்குப் படபடன்னு அடிக்குது. தங்களுக்கு வேர்த்தா ஒண்ணுமே ஆகல. ஒரு வீடு ரெண்டு வீடு இல்ல சார், நாற்பத்திரண்டும் இப்படித்தான். சுவரோட வேலை என்ன? வீட்டு ஆளுங்களை நிம்மதியா வெக்கணும். அது பார்த்துச்சு. விருந்தாளி குளிர்ந்தா இவங்க நிம்மதியா இருக்காங்க. அதனால புது ஆள் வந்தா இருக்கிற குளிரையெல்லாம் அவர் முதுகுக்குக் கொண்டுபோகுது.”

“பக்கத்து வீட்டுக் குளிரையுமா?”

“அதையும் இவங்கதான் கத்துக் குடுத்திருக்காங்க. எந்த வீட்டுல புது ஆள் இருந்தாலும் அந்த நேரம் பதினேழாம் வீட்டுல காத்தே இல்ல. ஆனா அங்க யாருக்கும் பதட்டமும் இல்ல. ‘இருக்கட்டும், வந்தவர் போகட்டும்’னு இருந்திருக்காங்க போல. ஏன் காத்து இல்லாமப் போச்சுன்னுதான் எனக்குப் புரியல.”

நான் காபியைக் குடித்துக்கொண்டிருந்தேன். அது முடிந்து வெகுநேரம் ஆகியிருந்தது.

“இன்னொண்ணு சார். புகார் குடுக்கிறதுக்கு முன்னாடி இவ்வளவு மோசமா இல்ல. புகார் குடுத்தாங்க, நாம ஆளை அனுப்பினோம், ஆள் வந்ததால கொதிச்சுது, மறுபடி புகார், மறுபடி ஆள். ஏழு பேர் வந்த அன்னைக்கு மொத்தத் தொட்டியும் ஒரே அறைக்குப் போயிருக்கு. நாமதான் சார் அந்தச் சூடு. அந்தப் புது ஆள் யாரு சார்?”

கேட்ட பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“பழக்கத்தை அழிச்சுட முடியாதா?” என்றேன்.

“அழிச்சா பதினாலு நாள் சுவர் சும்மா நிக்கும். இந்தக் கத்திரி வெயில்ல எத்தனை பேர் போவாங்கன்னு தெரியாது. அழிக்காம அது மேலயே வேற மாதிரி பழக்கலாம். அதே ஆள், அதே நாற்காலி, அதே மாதிரி காத்து. ஆனா இந்தத் தடவை காத்து அந்த ஆளுக்குப் போகக்கூடாது.”

சின்ன வேலைதான் என்று நினைத்தேன்.

அன்று பதினோரு மணிக்கு அன்னத்தாயி வீட்டுக்குப் போனோம். முன்னறையில் கயிற்றுக்கட்டில் ஒன்று, அதன் மேல் யாரும் இல்லை. பாய் மட்டும் சுருட்டி வைத்திருந்தது. கட்டிலுக்கு எதிரே நாற்காலி. நான் உட்கார்ந்ததும் அவள் மின்விசிறியை என் பக்கம் திருப்பினாள். ‘கிடுக்.’

“அம்மா, ஒரு உதவி,” என்றேன். “இந்த ஃபேனை எனக்கு வைக்காதீங்க. உங்க பக்கம் திருப்பிக்குங்க. செவுரு பார்த்துக் கத்துக்கணும்.”

“எனக்கெதுக்கு சார் காத்து?”

“செவுத்துக்காக.”

அரைமனதாகத் திருப்பிக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். எனக்கு நெற்றியில் வேர்வை பூத்தது. அவ்வளவுதான், அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. எழுந்தாள், உட்கார்ந்தாள். முந்தானையை எடுத்து எனக்கு வீசப் பார்த்தாள். தண்ணீர் கொண்டு வந்து வைத்தாள். நஸ்ரின் திரையைப் பார்த்துத் தலையை ஆட்டினாள்: அன்னத்தாயியின் நெஞ்சு ஓடிக்கொண்டிருந்தது. சுவர் அதைக் கேட்டது. என் முதுகு முன்னைவிட அதிகமாகக் குளிர்ந்தது.

“ஃபேனைப் பார்க்கலை சார் அது,” என்றாள் நஸ்ரின் மெதுவாக. “மனசைப் பார்க்குது. இவங்க நடிக்க முடியாது.”

கைபேசி அடித்தது. தலைமைப் பொறியாளர் ஹரிஹரசுதன். வாசலுக்குப் போய் எடுத்தேன்.

“சிவசைலம், நஸ்ரின் அனுப்பினதைப் பார்த்தேன். நல்லவேளை, நம்ம தப்பு இல்ல. ‘பழக்கும் காலத்தில் பயனாளிகள் இயல்பாக நடந்துகொள்ளாததால் ஏற்பட்ட பிழை’ன்னு ஒரு வரி எழுதுங்க. உண்மையும் அதுதானே? நீங்க ஒண்ணும் பொய் எழுதலியே?”

“அந்த ஆள் செத்தது?”

“அதுவும் அந்த வரிக்குள்ளயே வந்துடும். அடுத்த கட்டத்துக்கு வேற ஊர்ல பழக்கிக்கலாம். சாயங்காலத்துக்குள்ள அனுப்பிடுங்க.”

அவர் சொன்னதில் ஒரு பொய் கூட இல்லை. அதுதான் கஷ்டம். இயல்பாக நடந்துகொள்ளவில்லைதான் அவர்கள். ஒரே ஒரு வரி. நாற்பத்திரண்டு கையெழுத்தின் மேல் அந்த வரியை வைத்து அழுத்திவிட்டால், தவசிக்கனி தன் ஆட்களாலேயே செத்தவர் ஆகிவிடுவார். நான் விருதோடு இருப்பேன்.

உள்ளே வந்தேன். அன்னத்தாயி கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வாசலில் நான் பேசியது அவள் காதில் விழுந்திருக்கிறது. நுரைச்சுவர் வெயிலைத் தடுக்கிற அளவுக்குப் பேச்சைத் தடுப்பதில்லை.

“அவிய செத்ததப் பத்தியா சார் கேக்காவ?”

“ஆமாம்மா.”

“எழுதிக்கோங்க. நாந்தான் கொன்னது.”

நஸ்ரின் திடுக்கிட்டு நிமிர்ந்தாள்.

“இந்தப் பிள்ளைக்கு முன்னால சொல்லிருதேன். யாருட்டயும் சொல்லல. அன்னைக்கு ஏழு பேரு வந்தாவ. சேசுமணி அண்ணாச்சி வந்து, ‘அன்னம், பெரிய ஆளுவ வந்திருக்காவ, ஒன் ஃபேனு வேணும்’னாரு. அவிய இந்தக் கட்டில்ல கெடக்காவ, ஃபேனு அவிய மூஞ்சிக்கு நேரா ஓடுது. பத்து நிமிசந்தானேன்னு புடுங்கித் தூக்கிட்டுப் போனேன். போனவ அங்கன நின்னு கலர் ஊத்திக் குடுத்தேன், வந்தவிய பேசுனத வாயப் பொளந்து கேட்டுட்டு நின்னேன். பேச முடியாத மனுசன் சார். கூப்புடவும் முடியாது. திரும்பி வந்து பாத்தா...” கட்டில் சட்டத்தை விட்டுவிட்டாள். “எனக்கு என்ன பெருமை சார் அதுல? ஊரு பேரு தெரியாத ஆளுவளுக்குக் காத்து வாங்கிக் குடுத்து, கட்டுனவன...”

அவள் அழவில்லை. எனக்கு அழுகை வந்தது. அதற்கு எனக்கு யோக்கியதை இல்லை என்பதால் அடக்கிக்கொண்டேன்.

இங்கே நான் பேசாமல் இருந்திருக்கலாம். அவள் சொன்னதும் தலைமைப் பொறியாளர் கேட்ட வரியும் அவ்வளவு கச்சிதமாகப் பொருந்தின. என் அறிக்கையை அவளே எழுதி முடித்துவிட்டாள், கைநாட்டு வைக்க வேண்டியதுதான் பாக்கி.

“நஸ்ரின், பதிவு போடு,” என்றேன். “நான் சொல்றதை. இவங்க சொன்னதை இல்லை.”

அவள் போட்டாள்.

“அம்மா, உங்க ஃபேன் போனதால மட்டும் அவர் சாகலை. அந்த நேரம் செவுரும் இங்க இருந்த குளிரை எடுத்து அந்த ஏழு பேருக்குக் குடுத்துச்சு. இந்த அறை அடுப்பாயிருச்சு.”

“செவுரு எதுக்கு அப்படிச் செய்யணும்?”

“உங்களைப் பார்த்துக் கத்துக்கிச்சு. ஆறு வருசம் முன்னாடி நான் வந்தேன்ல, கருவியெல்லாம் வெச்சுக்கிட்டு. அப்ப இந்த ஃபேனை எனக்குன்னு வீடு வீடா கொண்டு வந்தீங்க.”

அவள் முகம் மாறியது. தப்பு செய்து பிடிபட்டவளின் முகம். “ஆமா... கொண்டாந்தேன். மத்த வீட்டுல எல்லாம் சின்ன மேசை ஃபேனு, அனலாத்தான் வரும். மேல கொக்கி மாட்ட முடியாதுன்னுட்டாவ, பலகை தாங்காதாமே. எங்கள நம்பி வீடு குடுத்தவரு வேர்த்து விறுவிறுத்து இருக்கலாமான்னுட்டு... பின்வாசல் வழியா தூக்கிட்டு ஓடுவேன், நீங்க அடுத்த வீட்டுக்கு வாரதுக்குள்ள. அப்ப நாந்தானா சார்? செவுத்துக்கும் நாந்தான் சொல்லிக் குடுத்தேனா?”

இப்படித்தான் அவள் எடுத்துக்கொள்வாள் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். பாதி உண்மையைச் சொன்னால் பாரம் முழுக்க அவள் தலையில்தான் போய் விழும்.

“இல்லைம்மா. எனக்குத் தெரியும்.”

“என்ன தெரியும்?”

“ஒரே ஃபேன்தான் வருதுன்னு தெரியும். முதல் நாளே தெரியும். மூணாவது வீட்டுல இந்த நீலக் கயிறைப் பார்த்தேன். ‘கிடுக்’னு சத்தம் கேட்டுச்சு. புரிஞ்சுபோச்சு.”

அறையில் அந்தச் சத்தம் மட்டும் இரண்டு முறை கேட்டது.

“எனக்கு ஏன் புரிஞ்சுதுன்னும் சொல்லிடுறேன். எங்கம்மா கோவில்பட்டியில தீப்பெட்டி ஒட்டினவங்க. என் படிப்பு உதவித்தொகைக்கு விசாரிக்க ஒரு ஆபீசர் வந்தப்போ, நாலு வீடு தள்ளிப் போய் நாற்காலி வாங்கிட்டு வந்து போட்டாங்க. அவர் அது எங்க நாற்காலின்னு எழுதிக்கிட்டுப் போயிட்டார். அதனால இந்த ஃபேனைப் பார்த்ததும் தெரிஞ்சுது. அதை அன்னைக்கே எழுதியிருந்தா, அந்தப் பதினாலு நாள் கணக்கும் செல்லாது. புதுசா பழக்கணும். திறப்பு விழா தேதி குறிச்சாச்சு. அதோட, எப்படிக் கண்டுபிடிச்சேன்னு ஆபீஸ்ல கேப்பாங்க. தீப்பெட்டி ஒட்டினவ மகன்னு அங்க யாருக்கும் தெரியாது. இன்னைக்கு வரைக்கும் தெரியாது.”

நஸ்ரின் பதிவுக் கருவியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“அது கூடப் பரவாயில்லம்மா. இன்னொண்ணு இருக்கு. காத்து நல்லா இருந்துச்சு. எனக்காக ஒருத்தர் ஃபேனைத் தூக்கிக்கிட்டு ஓடி வர்றது எனக்குப் பிடிச்சிருந்துச்சு. பதினாலு நாள் அப்படி உக்காந்திருந்தேன். வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லலை. சொல்லியிருந்தா செவுரு வேற மாதிரி கத்திருக்கும். உங்க வீட்டுக்காரர் இந்தக் கட்டில்ல இருந்திருப்பார்.”

அன்னத்தாயி என்னைப் பார்த்தாள். அவள் என்னை நேராகப் பார்த்தது அப்போதுதான். வந்தவரை உட்கார வைத்து உபசரிக்கிற கண் இல்லை அது. எங்கள் அம்மா என்னை இப்படி ஒரே ஒரு முறை பார்த்திருக்கிறாள்: கல்லூரி நண்பர்களிடம் அவளை வீட்டு வேலைக்காரி என்று சொன்ன அன்று.

“தெரிஞ்சுட்டே உக்காந்திருந்தீரு,” என்றாள்.

“ஆமாம்மா.”

“நான் மூச்சு வாங்கப் பின்வாசல் ஏறி எறங்கித் தூக்கிட்டு வருவேன். அது தெரியும் ஒமக்கு.”

“தெரியும்.”

அவள் எழுந்தாள். மின்விசிறியின் கழுத்தைப் பிடித்து ஒரே திருப்பாகத் திருப்பினாள். கட்டில் பக்கம் திருப்பினாள். காலிக் கட்டில். அதன் ஓரத்தில் உட்கார்ந்து, முகத்தைக் காற்றுக்குக் கொடுத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். என்னை மறந்துவிட்டாள்.

எனக்கு வேர்த்தது. நெற்றியில், கழுத்தில், சட்டைக்குள் வழிந்தது. அவள் கண்ணைத் திறக்கவில்லை. நஸ்ரின் திரையைக் காட்டினாள். அன்னத்தாயியின் நெஞ்சு ஒரே சீராக அடித்துக்கொண்டிருந்தது. ஐந்து நிமிடம், பத்து நிமிடம். பதினைந்தாவது நிமிடம் என் முதுகுக்குப் பின்னால் இருந்த குளிர் கொஞ்சம் கொஞ்சமாக விலகியது. சுவர் என்னை விட்டுவிட்டது. சாய்ந்திருந்த இடம் வெறும் சாம்பல் பலகையாக, வெயில் ஏறிய பலகையாக ஆனது. கட்டிலை ஒட்டிய சுவரில் பனித்துளி மாதிரி ஈரம் அரும்பியது.

வேர்வையை நான் துடைத்துக்கொள்ளவில்லை.

“பதினேழு முடிஞ்சுது சார்,” என்றாள் நஸ்ரின். “மத்த நாற்பத்தொரு வீட்டுலயும் இப்படியே நடக்கணும். ஆனா... சும்மா திருப்பச் சொன்னா திருப்ப மாட்டாங்க.”

“தெரியும்,” என்றேன். “ஒவ்வொரு வீட்டுலயும் சொல்லணும்.”

பதிவை அப்படியே தலைமைப் பொறியாளருக்கு அனுப்பச் சொன்னேன். ஒரு வரி கேட்டார். பதினொரு நிமிடப் பதிவு போனது. பிறகு அவர் மூன்று முறை அழைத்தார், நான் எடுக்கவில்லை.

அன்னத்தாயி கண்ணைத் திறந்தாள்.

“இதையே அவ்வளவு வீட்டுலயும் சொல்லணுமாக்கும்?”

“ஆமாம்மா. நாற்காலி விசயம், நீலக் கயிறு, எல்லாம்.”

“எனக்குப் பிடிச்சிருந்துச்சுன்னியரே. அதுவும்?”

“அதைச் சொன்னாத்தான் அவங்க ஃபேனைத் திருப்புவாங்க.”

அவள் குனிந்து சுவிட்சை அணைத்து, வயரைச் சுருட்டிக் கையில் மாட்டிக்கொண்டு, மின்விசிறியை இடுப்போடு அணைத்துத் தூக்கினாள். நான் வாங்கிக்கொள்ளக் கை நீட்டினேன். அவள் தரவில்லை.

“அடுத்தது சேசுமணி அண்ணாச்சி வீடு,” என்றாள். “நான் முன்னால போயி வச்சிருதேன். நீரு பொறவு வாரும்.”